சேலம் வீடு, ஏற்காடு வீடு: குப்பையை எப்படிப் பிரிப்பது, யாரிடம் கொடுப்பது?

அழகாபுரம்வாசி

வணக்கங்க. சேலம் அழகாபுரத்தில் வீடு. கீழே நாங்கள் நான்கு பேர், மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. பச்சை வாளி ஒன்று, நீல வாளி ஒன்று என்று இதுவரை ஓடியது. இப்போது நான்காகப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். எது எதில் போகும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

குறிப்பாக எனக்குத் தெரிய வேண்டியவை இவை. அம்மா தினமும் இன்சுலின் போடுகிறார். அந்த ஊசிகளை எப்படிக் கொடுப்பது? மாடி வீட்டு டயாப்பர், காலாவதியான மாத்திரை, எரியாத டியூப்லைட் எல்லாம் எந்த வாளி? பால் கவர், சிப்ஸ் கவர், ஹோட்டல் பார்சல் டப்பா இவற்றில் பழைய பேப்பர் கடைக்காரர் எதை எடுப்பார், எதை எடுக்க மாட்டார்? மாம்பழ சீசனில் தோலும் கொட்டையும் மலைபோல் சேர்கிறது. மொட்டைமாடியில் உரம் போடலாமா, நாறாதா?

இதோடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்ன வீடு ஒன்று உண்டு. வாரக் கடைசியில் போவோம், சில நேரம் விருந்தினரும் தங்குவார்கள். அங்கே தினமும் ஆள் வருவதில்லை. வெளியே வைத்தால் குரங்கு இழுத்துப் போடுகிறது, காட்டெருமை வந்து முகர்கிறது. சேலத்துக்கே கொண்டுவந்துவிடுவது சரியா?

குப்பைக்கணக்கு

நான்கு என்பது சரிதான். 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொன்னன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் கழிவு. அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அவற்றில் ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்கு. முன்பு டயாப்பரையும் நாப்கினையும் நன்றாகச் சுற்றி உலர் குப்பையோடு கொடுக்கலாம் என்றிருந்தது. இப்போது அது தனி வகை. வீட்டளவில் பெரிய மாற்றம் இது ஒன்றுதான்.

நான்கு பெரிய வாளி வாங்க வேண்டியதில்லை. தினமும் வெளியே போவது ஈரக் கழிவு மட்டும். உலர் கழிவுக்குப் பழைய அரிசிச் சாக்கு போதும், வாரம் ஒருமுறை கொடுக்கலாம். சுகாதாரக் கழிவுக்கு மூடியுள்ள சின்ன டப்பா. நான்காவது வகைக்கு அலமாரி மேல் குழந்தைக்கு எட்டாத ஒரு அட்டைப்பெட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தாலும் நிரம்பாது.

பிரிக்கும்போது கையில் எடுத்த பொருள் ஈரமா, காய்ந்ததா என்று பாருங்கள், முக்கால்வாசிக் குழப்பம் அங்கேயே தீரும். செய்தித்தாள் மக்கும் பொருள்தான், ஆனாலும் உலர் கழிவுக்கான நீல வாளிக்குப் போக வேண்டும். சாம்பார் ஊறிய பேப்பர் ஈரக் கழிவுக்கான பச்சைக்கு. உலர் குப்பையின் மதிப்பைக் கெடுப்பது ஈரம்தான்: ஒரு கரண்டிக் குழம்பு கசிந்தால் சாக்கிலிருக்கும் அட்டை முழுக்கப் பூசணம் பிடித்துவிடும்.

ஈரக் கழிவில் காய்த்தோல், மிச்சச் சோறு, டீத்தூள், முட்டை ஓடு, மீன் முள், எலும்பு, வாழை இலை எல்லாம் சேரும். ரசம், மோர், கழுநீர் போன்றவற்றை முதலில் வடிகட்டிச் சிங்க்கில் ஊற்றிவிடுங்கள். வாளிக்குள் பிளாஸ்டிக் கவர் விரிக்காதீர்கள். அடியில் இரண்டு மடிப்புச் செய்தித்தாள் போதும். சாமிக்குப் போட்ட பூமாலையை உதிர்த்து, நூலைத் தனியே எடுத்துவிடுங்கள். பார்க்க இது சின்ன விஷயமாகத் தோன்றும். உர மையத்தில் குப்பையை அரைக்கும் எந்திரத்தின் தண்டில் அந்த நைலான் நூல் சுற்றிச் சுற்றி இறுகி எந்திரத்தையே நிறுத்திவிடும். தேங்காய் ஓட்டையும் இளநீர் மட்டையையும் தனியாக வைத்துக் கொடுங்கள். மற்றது மக்கும் வேகத்தில் அவை மக்குவதில்லை.

சுகாதாரக் கழிவில் டயாப்பரின் உள்ளே இருப்பதைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, ஒட்டும் பட்டையாலேயே உருட்டி மூடி, செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் பெரிய புள்ளி வையுங்கள். வண்டியில் பிரிப்பவர் அதைத் திறந்து பார்க்க வேண்டியிராது. வீட்டிலேயே எரித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். உள்ளே இருப்பது பிளாஸ்டிக்கும் நீரை இழுத்துவைக்கும் பாலிமரும். குறைந்த சூட்டில் எரிந்தால் நச்சுப்புகைதான் மிஞ்சும். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

இன்சுலின் ஊசிக்கு, தரை துடைக்கும் திரவம் வரும் கெட்டியான பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், மெல்லியது, ஊசி குத்தி வெளியே வந்துவிடும். ஊசியைக் கழற்றிய உடன் நேராகப் பாட்டிலுக்குள் போடுங்கள்; மூடியைத் திரும்பப் பொருத்தப் போகும்போதுதான் விரலில் குத்தும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் ஒட்டி, "ஊசி" என்று தமிழில் எழுதி, தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள். எந்தச் சூழலிலும் பால் கவரில் கட்டிப் போடாதீர்கள். பிரிப்பவர் கையுறை போட்டிருந்தாலும் அந்த ஊசி உள்ளே இறங்கும்.

மாத்திரையை அட்டையோடும், சிரப்பைப் பாட்டிலோடும் அப்படியே கொடுங்கள், சிங்க்கில் கொட்ட வேண்டாம். டியூப்லைட்டை அது வந்த அட்டைக் குழாயிலேயே உடையாமல் வையுங்கள்; அதிலும் சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம் உண்டு. உடைந்துபோனால் மின்விசிறியை நிறுத்தி, சன்னலைத் திறந்து, குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு, கால்மணி நேரம் கழித்து அட்டைத்துண்டால் வாரி, தூளை டேப்பால் ஒற்றி எடுத்து, கண்ணாடி ஜாடியில் மூடிவையுங்கள். விளக்குமாற்றால் கூட்டினால் பாதரசம் பரவும். எல்இடி பல்பில் பாதரசம் கிடையாது, அது மின்னணுக் கழிவு. பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, பழைய தெர்மாமீட்டர், பேட்டரி எல்லாம் நான்காவது வகைதான். செல்போன் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டிக் கொடுங்கள். இரண்டு முனையும் உலோகத்தில் பட்டால் வண்டியிலேயே தீப்பிடிக்கும்.

வளைகாப்பு, பிறந்தநாள் என்று வீட்டில் 100 பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்பது 2016 விதிகளிலேயே இருந்தது. வார்டு சுகாதார ஆய்வாளரிடம் சொன்னால் வண்டி ஏற்பாடு பற்றி அவரே சொல்வார். மாநகராட்சியில் 60 வார்டு, நான்கு மண்டலம். வண்டி வரும் நேரமும் எந்த நாளில் எந்த வகை என்பதும் வார்டுக்கு வார்டு மாறும். அஸ்தம்பட்டியில் இருப்பவர் சொல்வதை வைத்து அம்மாபேட்டைக்காரர் முடிவெடுக்க வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்க்ராப்

உலர் குப்பை பத்தி நான் சொல்றேன். விலை தினம் மாறும், அதனால ரூபாய்க் கணக்கு வேண்டாம். எது போகும், எது போகாதுன்னு மட்டும் பாருங்க.

பேப்பர்ல அட்டைப்பெட்டியும் செய்தித்தாளும் எப்பவும் போகும். பெட்டியைப் பிரிச்சு, தட்டையாக்கி, டேப்பை உரிச்சுக் கட்டுங்க. கசக்கின பேப்பரை விட மடிச்சு அடுக்கினதுக்கு மதிப்பு ஜாஸ்தி. எண்ணெய் பட்ட பஜ்ஜி பேப்பர், டிஷ்யூ, கடையில குடுக்கிற வழவழ பில், பேப்பர் கப் நாலும் வேண்டாம். பேப்பர் கப்புக்குள்ள பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, பேப்பர் மில்லில கூழாக்கும்போது பிரியாது. ஜூஸ் வர்ற அட்டை டப்பாவும் அப்படித்தான், அட்டையும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டினது. எல்லா மில்லும் எடுக்காது.

பிளாஸ்டிக்ல அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். 1 தண்ணி பாட்டில், 2 ஷாம்பு பாட்டில், பினாயில் கேன், 5 ஹோட்டல் பார்சல் டப்பா, தயிர் டப்பா. இந்த மூணும் நல்லாப் போகும், கழுவி இருந்தா. 4ம் நம்பர்ல பால் கவர். மூலையை வெட்டும்போது துண்டைத் தனியா வெட்டி எறியாதீங்க, கவரோட ஒட்டிட்டு இருக்கிற மாதிரி வெட்டுங்க. அந்தச் சின்னத் துண்டுதான் சாக்கடையில போய் அடைக்குது, எந்தக் கடைக்காரனும் அதைப் பொறுக்க முடியாது. கவரைக் கழுவி, கொடியில கிளிப் போட்டு காயவச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்குங்க. பல நூறு கவர் சேர்ந்தாத்தான் ஒரு கிலோ, அதனால பொறுமையா சேருங்க. காயாம கட்டி வச்சா ரெண்டே நாள்ல புழு, அப்புறம் கடையில திருப்பி அனுப்பத்தான் செய்வாங்க.

3ம் நம்பர் பிவிசி. குழாய்த் துண்டு, பழைய ஓயர் மேல்தோல். இதைத் தண்ணி பாட்டிலோட கலக்கவே கூடாது. ரெண்டும் தண்ணியில மூழ்கும், அதனால மில்லில தொட்டியில போட்டுப் பிரிக்க முடியாது. உருக்குற சூட்டுல பிவிசி கருகி, ஆசிட் விட்டு, மொத்த சரக்கையும் பழுப்பாக்கிடும். தண்ணி பாட்டிலோட மூடி வேற பிளாஸ்டிக், அது மிதக்கும், அதனால மூடி கலந்தாப் பிரச்சினை இல்ல. ஆனா மூடியைக் கழட்டி, பாட்டிலை நசுக்கிக் குடுத்தா சாக்குல மூணு மடங்கு பிடிக்கும்.

சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், ஷாம்பு சாஷே இதெல்லாம் பல அடுக்கு. கசக்கிப் பாருங்க, விட்டதும் விரிஞ்சு எழுந்துச்சுன்னா பிளாஸ்டிக்தான், உள்ள வெள்ளி மாதிரி மின்னுறது வெறும் பூச்சு. கசங்கினபடியே இருந்தா நிஜ அலுமினியத் தாள். பல அடுக்குக் கவரைக் கடையில எடுக்க மாட்டோம். அதை மாநகராட்சி வண்டியிலதான் உலர் குப்பையா குடுக்கணும். அது சிமெண்ட் ஆலையில எரிபொருளா போகும், அங்கயும் ஈரமா இருந்தா வேண்டாம்பாங்க, ஈரம் சூட்டைத் தின்னுடும். தெர்மாகோலும் கடைக்கு வேண்டாம், எடை இல்லாம இடத்தை மட்டும் அடைக்கும்.

பாத்திரம் பழையது போடுறப்ப காந்தம் ஒண்ணு கையில வச்சுக்குங்க. ஒட்டினா இரும்பு. ஒட்டலைன்னா எவர்சில்வரா, அலுமினியமான்னு எடையைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும், அலுமினியம் லேசு. எவர்சில்வரை இரும்போட சேர்த்து எடை போட விடாதீங்க. உருக்காலை இருக்கிற ஊர்ல இருந்துட்டு அதை இரும்பு விலைக்குக் குடுக்கக் கூடாது. எவர்சில்வர்லயும் சிலது காந்தத்தில லேசா ஒட்டும், அதனால சந்தேகம் இருந்தா தனியா வச்சுக் கேளுங்க.

கண்ணாடி முழு பாட்டிலா இருந்தா போகும். உடைஞ்சதை அட்டையில சுத்தி, "கண்ணாடி"ன்னு எழுதித் தனியா குடுங்க. இன்வெர்ட்டர் பேட்டரியைப் புது பேட்டரி வாங்குற கடையிலயே மாத்துங்க, பழசைத் திரும்ப எடுக்க ஏற்பாடு பண்ற பொறுப்பு 2022 விதிப்படி பேட்டரி கம்பெனிக்கு. ஆசிட்டை நீங்க கீழ ஊத்தாதீங்க. பழைய மிக்சி, டிவி, ஓயர் இதெல்லாம் செம்புக்காக எரிக்கிற இடத்துக்குப் போகாம பாருங்க. புதுசு வாங்கும்போது எக்ஸ்சேஞ்சுல விடுறதுதான் நல்லது.

மாடித்தோட்டம் சேலம்

உரம் போடலாம், நாறாது. நாறினால் எங்கோ ஈரம் கூடிவிட்டது அல்லது காற்று போகவில்லை என்று பொருள், இரண்டையும் சரிசெய்யலாம்.

நான்கு பேர் வீட்டில் சமையலறைக் கழிவு தினம் சுமார் ஒரு கிலோ வரும். 25 லிட்டர் வாளி மூன்று வேண்டும். ஒன்று நிரம்பும்போது மற்ற இரண்டும் மக்கிக்கொண்டிருக்கும். வாளியின் பக்கவாட்டில் பென்சில் பருமனில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை, அடியில் ஐந்து ஓட்டை. ஓட்டைகளை உள்பக்கம் கொசுவலையால் மூடி, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கீழே ஒரு தட்டு.

அடியில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை. அதன்மேல் தினமும், இரண்டு விரல் அளவுத் துண்டாக நறுக்கிய கழிவு ஒரு பங்கு, காய்ந்த தென்னைநார்க் கழிவு அல்லது இலைத்தூள் ஒரு பங்கு. பங்கு என்பது கொள்ளளவில், எடையில் பார்க்காதீர்கள். தொடக்கத்தில் நுண்ணுயிர் வேண்டுமே, அதற்குப் புளித்த மோர் ஒரு டம்ளரை நாலு டம்ளர் தண்ணீரில் கலந்து தெளியுங்கள், அல்லது சாணிக் கரைசல். அடுத்த வாளி தொடங்கும்போது முந்தைய வாளியின் உரம் ஒரு கைப்பிடி போட்டாலே போதும், கடையில் விற்கும் பொடி தேவையில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். மேல்பரப்பு எப்போதும் நார்க்கழிவாக இருக்க வேண்டும், சோறு வெளியே தெரியக் கூடாது.

ஈரம் பார்ப்பது இப்படி: ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்த்தால் சரி. ஒழுகினால் நார்க்கழிவு சேர்க்க வேண்டும். பிடி உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் மொட்டைமாடியில் திறந்தவெளியில் வைத்தால் வாளியின் ஓரம் காய்ந்து வேலை நின்றுவிடும், எறும்பும் ஏறும். படிக்கட்டு நிழலில் வையுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்று இல்லை, கிளறுங்கள். மூக்கைக் குத்தும் அமோனியா வாடை வந்தால் பச்சைக்கழிவு கூடிவிட்டது, காய்ந்தது இரண்டு பங்கு போடுங்கள். சாம்பல் நிறத்தில் தட்டையான புழு வந்தால் பயப்பட வேண்டாம். படைவீரர் ஈயின் புழு அது, கழிவை வேகமாகத் தின்னும், நோய் பரப்பாது. ஆனால் அது நிறைய வந்தால் ஈரம் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

மாம்பழத் தோல் நன்றாக மக்கும். சர்க்கரை அதிகம் என்பதால் பழ ஈ வரும். சீசனில் தோலை நறுக்கி, அன்றைய கழிவில் கால் பங்குக்கு மேல் போகாமல் பாருங்கள். மேலே மூன்று விரல் நார்க்கழிவு மூடுங்கள். மிச்சத்தை வண்டியில் கொடுத்துவிடுங்கள். கொட்டையை வாளியில் போடாதீர்கள். மேல் ஓடு கட்டை, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், உள்பருப்பு முளைக்கவும் செய்யும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் கொஞ்சமாக. மீன், கறி, எண்ணெய்ப் பண்டம் மாடி வாளிக்கு வேண்டாம், பூனையும் எலியும் வரும்.

வாளி நிரம்பியதும் மூடிவைத்து 45 முதல் 60 நாள். ஆகிவிட்டதா என்று பார்க்க, ஒரு பிடி ஈர உரத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் மூன்று நாள் மூடிவைத்துத் திறந்து முகருங்கள். மண் வாசனை வந்தால் ஆயிற்று. புளிப்பு வாடை வந்தால் இன்னும் பத்து நாள். பழுக்காத உரத்தைச் செடிக்குப் போட்டால் வேர் வெந்துவிடும். சலித்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மண் கலந்து போடுங்கள்.

"மக்கும் பை" என்று அச்சடித்த பைகளை இந்த வாளியில் போட வேண்டாம். அவை மக்க ஆலைகளில் தரும் சூடு வேண்டும், ஏறக்குறைய 58 டிகிரி. நம் வாளி அந்தச் சூட்டுக்குப் போகாது.

நாகலூர் காப்பி

உங்கள் நாகலூர் சேலம் மாநகராட்சியில் இல்லை, ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் இருக்கிறது. அதனால் சேலம் வார்டு வழக்கம் எதுவும் இங்கே பொருந்தாது. உங்கள் கிராம ஊராட்சியின் தூய்மைக் காவலர் எந்த நாளில், எந்தப் பாதை வரை வருகிறார் என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட்டுக்குள் தள்ளியிருக்கும் வீட்டுக்கு வண்டி ஏறாது, நீங்கள்தான் பாதைக்குக் கொண்டுவர வேண்டும். அதையும் அவர் வரும் நேரத்தில். முந்தின இரவே கொண்டுபோய் வைத்தால் அது காட்டு விலங்குக்கு வைத்த சாப்பாடு.

மலை வீட்டில் ஈரக்கழிவு மலையிலேயே நிற்க வேண்டும், உலர்ந்தது கீழே இறங்க வேண்டும். ஈரத்தைக் காரில் ஏற்றி 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய தேவையே இல்லை.

உரம் போட மேலே மாடித்தோட்ட அக்கா சொன்ன முறைதான், ஆனால் மூன்று மாற்றம். குளிரில் எல்லாம் மெதுவாக நடக்கும், 60 நாளை மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியும் மழையும் இறங்காமல் தகரமோ ஓடோ மேலே வேண்டும். இங்கே வாளி காய்ந்து கெட்டுப்போவது அரிது, ஊறித்தான் கெடும். காய்ந்த பொருளாகக் காப்பித் தொலி சுலபமாகக் கிடைக்கும், நார்க்கழிவு வாங்கத் தேவையில்லை. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தின் சருகை அப்படியே போடாதீர்கள். தோல் மாதிரி கெட்டி, அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும். கத்தியால் நறுக்கியோ மிதித்து நொறுக்கியோ போடுங்கள்.

சரிவில் குழி தோண்டிப் புதைக்கிற வழக்கம் இங்கே நிறைய உண்டு. அதை விட்டுவிடுங்கள். மழையில் குழி நிரம்பி, ஊறிய சாறு கீழே இருக்கிற ஊற்றுக்கும் கிணற்றுக்கும்தான் போகும். பிளாஸ்டிக்கோ மேல்மண் அரித்ததும் வெளியே வந்துவிடும். புதைப்பது, எரிப்பது, தெருவிலும் ஓடையிலும் கொட்டுவது மூன்றையும் விதியே தடுக்கிறது. பிப்ரவரியிலிருந்து கோடை மழை வரும்வரை சருகு காய்ந்து கிடக்கும் காலம். குப்பைக்கு வைத்த தீ காப்புக்காட்டுக்குத் தாவ ஒரு காற்று போதும்.

குரங்குக்கு, சாதாரண அழுத்து மூடி ஒரு பொருட்டே இல்லை. இரும்பு வளையம் போட்டு இழுத்துப் பூட்டும் டிரம், அதையும் சுவரில் சங்கிலியால் கட்டுங்கள். பழத்தோலைத் தோட்டத்தில் வீசாதீர்கள். காட்டெருமை உப்புக்கும் சோற்று வாடைக்கும் வரும். வாடை பிடித்த கவரைக் கவரோடு விழுங்கும். வயிற்றில் பிளாஸ்டிக் சேர்ந்தால் அசைபோட முடியாமல் மெலிந்து சாகும், வெளியே காயம் ஒன்றும் தெரியாது. அதனால்தான் கவரைக் கழுவச் சொல்வதை இங்கே இரண்டு மடங்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விருந்தினர் வந்தால் குப்பை வராமல் பார்ப்பது, வந்ததை அள்ளுவதை விடச் சுலபம். 20 லிட்டர் கேனும் எவர்சில்வர் சொம்பும் வைத்தால் தண்ணீர் பாட்டில் வராது. பிளாஸ்டிக் பூசிய தட்டு, கப், உறிஞ்சுகுழல், எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் பை உள்ளிட்ட 14 வகைப் பொருளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை. இதை அறைக்கதவில் எழுதி ஒட்டுவதை விட, முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வந்தபின் சொன்னால் பை ஏற்கனவே மலையேறியிருக்கும். மது பாட்டிலுக்கு மலைக் கடைகளில் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்ததும் திருப்பித் தரும் முறை உண்டு. ஸ்டிக்கர் கிழியாமல் எடுத்துப்போகச் சொல்லுங்கள். காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி விலங்கின் குளம்புக்குள் ஏறினால் யாரும் எடுத்துவிடப் போவதில்லை.

அழகாபுரம்வாசி

எல்லோருக்கும் நன்றிங்க. அக்கா சொன்ன வாளிக்கு இன்றே ஓட்டை போடுகிறேன். இன்னும் மூன்று சந்தேகம். பால் கவர் கழுவத் தண்ணீர் செலவாகிறதே, மேட்டூர்த் தண்ணீர் வராத நாளில் என்ன செய்வது? ஏற்காட்டில் உலர் குப்பையைச் சேர்த்துவைத்தால் பனியில் ஈரமாகிவிடுகிறது. அழகாபுரம் வீட்டில் குளியலறை டைல்ஸ் மாற்றப்போகிறோம், பழைய மெத்தை இரண்டும் இருக்கிறது, அதையெல்லாம் வண்டியில் வாங்குவார்களா?

செவ்வாய்ப்பேட்டை ஸ்க்ராப்

தனித் தண்ணி எதுக்குங்க? பாத்திரம் கழுவி முடிச்ச கடைசித் தண்ணியில கவரை ரெண்டு அலசு அலசினாப் போதும். சோப்பு மினுமினுப்பு இருந்தாப் பரவாயில்ல, பால் வாடை போகணும், அவ்வளவுதான். தயிர் டப்பாவை முதல்ல விரலால வழிச்சுட்டு அலசுங்க.

மெத்தைல இலவம்பஞ்சு, பருத்தின்னா பஞ்சு அடிக்கிற கடையில கேளுங்க, அடிச்சுத் திரும்பத் தைச்சுத் தருவாங்க. நார் மெத்தையும் ஃபோம் மெத்தையும் காயலாங்கடைக்கு வராது. ஸ்பிரிங் மெத்தைன்னா உறையைக் கிழிச்சு, கம்பியை மட்டும் இரும்புல போடலாம்.

நாகலூர் காப்பி

பனிக்கு: சாக்கில் வைக்காதீர்கள், சாக்கு காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், சமையலறைக்குள்ளேயே, அடுப்புக்கு எதிர்ச் சுவரோரம் வையுங்கள். பேப்பரையும் அட்டையையும் மட்டும் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் காரில் எடுத்துப்போய்விடுங்கள், பிளாஸ்டிக் காத்திருக்கும். பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு இறங்க வேண்டாம். வளைவில் அவிழ்ந்து காட்டில் விழுவது அப்படித்தான். மாத்திரை, பேட்டரி, பல்பு எல்லாம் கொஞ்சமாகத்தான் சேரும், அதையும் சேலம் வீட்டுப் பெட்டியிலேயே சேர்த்துவிடலாம்.

குப்பைக்கணக்கு

டைல்ஸ், சிமெண்ட் கட்டி, செங்கல் எதையும் வீட்டுக் குப்பை வண்டியில் வாங்க மாட்டார்கள். கட்டட இடிபாடு தனிக் கணக்கு, தனி விதி. கொத்தனார் வேலை தொடங்குவதற்கு முன்பே வார்டு சுகாதார ஆய்வாளரிடம் கேட்டு, எங்கே கொட்டலாம், கட்டணம் என்ன என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிராக்டர்காரர் "நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் எங்கே கொட்டுவார் என்று கேளுங்கள். ஏரிக்கரை, ஓடைப்புறம் என்றால் அனுப்பாதீர்கள்.

இடிக்கும்போதே பிரித்துவிட்டால் பாதி வேலை முடியும். பழைய பித்தளைக் குழாயும் இரும்பும் கடைக்குப் போகும். உடைந்த டைல்ஸும் செங்கல்லும் சுத்தமாக இருந்தால் தரை உயர்த்தும் இடத்தில் நிரப்ப ஆள் கேட்டு வருவார்கள். சிமெண்ட் சாக்கு, பிவிசி துண்டு, ஒட்டுப்பசை டப்பா, பெயிண்ட் டப்பா நான்கும் அந்தக் குவியலுக்குள் விழாமல் முதல் நாளே ஒரு மூலையில் தனிச் சாக்கு வைத்துக் கொத்தனாரிடம் காட்டிவிடுங்கள். குவியலைத் தெருவோரம் வைக்க வேண்டிவந்தால் மழைநீர் வடிகாலை விட்டுத் தள்ளி, மேலே தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

ஃபோம் மெத்தையைத் தினசரி வண்டியில் தூக்கிப் போட முடியாது. ஆய்வாளரிடமே பெரிய பொருள் எடுக்க வண்டி வரும் நாளைக் கேளுங்கள். அதுவரை மழையில் நனையாமல் வையுங்கள். நனைந்த மெத்தையை இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது.